மாண்புயர் எழுதிய தோமா

கன்னியாகுமரி மாவட்டத்தின் லத்தீன் ரீத்துக் (வழிபாட்டு மரபு) கோயில்களில், திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைத்து வணங்கும் நற்கருணை ஆசீர் நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். அந்த அப்பத்தைத் தாங்கும் கதிர்ப்பாத்திரம் பீடத்தில் ஏறித் தூபம் எழும்பியதும் ‘மாண்புயர் இவ்வருட்சாதனத்தை’ தொடங்கிவிடும். பாட்டிமார் முதல் பீடச் சிறுவர்கள் வரை புத்தகம் பார்க்காமல் பாடுவார்கள். அந்தப் பாட்டின் லத்தீன் மூலத்தை எழுதியவர் அக்குவினா தோமா. 13ஆம் நூற்றாண்டின் தொமினிக்கன் துறவி, திருச்சபை தன் பெரிய ஆசிரியர்களுக்குத் தரும் மறைவல்லுநர் பட்டம் பெற்றவர். இவ்வளவு அடிக்கடி நம் வாயில் வருகிற ஒருவரை மறைக்கல்வி வகுப்பில் ஒரு பத்தியோடு கடந்துவிடுகிறோம். அது சரியல்ல என்பதால்தான் இந்தப் பதிவு. ஜனவரி 28 அவருடைய விழா. அதற்கு வகுப்பு எடுக்கப்போகிற ஆசிரியர்களையும், மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் பெயர்க்குழப்பம். லத்தீன், மலங்கரை, சீரோ மலபார் என்று மூன்று ரீத்தும் அருகருகே வாழ்கிற இந்த எல்லைப் பகுதியில் ‘தோமா’ என்றால் உடனே நினைவுக்கு வருபவர் திருத்தூதர்தான். திருவிதாங்கோடு பழைய பள்ளி அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. களியக்காவிளை தாண்டினால் மார்த்தோமா மரபு வீட்டுக்கு வீடு உண்டு. அவருக்கு விழா ஜூலை 3. அக்குவினா தோமா அவருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியில் பிறந்தவர், இந்தியா பக்கமே வராதவர். விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பவர்கள் இணையத்தில் தேடும்போது படம் மாறிவிட வாய்ப்பு அதிகம். கையில் ஈட்டியோ தச்சரின் மூலைமட்டமோ இருந்தால் அவர் திருத்தூதர். வெள்ளை அங்கிமேல் கருப்பு மேலாடை, கையில் புத்தகமும் எழுதுகோலும், நெஞ்சில் சூரியன் இருந்தால் அவர் அக்குவினா.

‘அக்குவினா’ என்பது ஊர்ப்பெயர் வழி வந்த குடும்பப்பெயர். ரோமாபுரிக்கும் நேப்பிள்ஸுக்கும் நடுவில் அக்குவினோ என்ற ஊர்; அதற்கு அருகே ரொக்காசேக்கா கோட்டையில் 1225 வாக்கில் பிறந்தார். அப்பா லாந்துல்ஃப், அம்மா தெயதோரா. ஐந்து வயதில் மோந்தே கசீனோ ஆசீர்வாதப்பர் (பெனெடிக்ட்) சபை மடத்தில் விட்டார்கள். பக்தி ஒரு காரணம். கடைசிப் பையன் அந்தப் பெரிய மடத்துக்கு அதிபராக வந்தால் குடும்பத்துக்குச் செல்வாக்கு என்ற கணக்கும் உண்டு. 1239இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கும் திருத்தந்தையும் மோதிக்கொண்டதில் மடம் போர்க்களமாகிவிட, பையன் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனான். அங்கே இரண்டு அறிமுகங்கள்: ஒன்று அரிஸ்டாட்டில், மற்றொன்று தொமினிக்கன் சபை. 1244இல் சபையில் சேர்ந்தார்.

வீட்டில் பூகம்பம். நிலபுலன் கொண்ட மடத்துக்கு அதிபராக வேண்டியவன், 1216இல்தான் அங்கீகாரம் பெற்ற ஒரு பிச்சைக்காரச் சபையில் சேர்ந்துவிட்டான். அண்ணன்மார் வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்து ஏறக்குறைய ஓராண்டு கோட்டையில் அடைத்து வைத்தார்கள். மனதைக் கலைக்க ஒரு பெண்ணை அனுப்பியதையும், இவர் அடுப்பிலிருந்து எரிகிற கொள்ளியை எடுத்து விரட்டியதையும்தான் வகுப்பில் பெரிதாகச் சொல்வார்கள். அந்த ஓராண்டில் அவர் விவிலியத்தையும், அக்காலத்தின் இறையியல் பாடநூலான பீட்டர் லொம்பார்டின் தொகுப்பையும் ஊன்றிப் படித்தார் என்பதையும் அதே வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள்.

பிறகு பாரிஸ், 1248 முதல் கொலோனில் பெரிய ஆல்பர்ட்டிடம் படிப்பு. பெரிய உடம்பு, பேச்சு குறைவு. உடன் படித்தவர்கள் ‘ஊமைக் காளை’ என்றார்கள். இந்தக் காளையின் முழக்கம் உலகெங்கும் கேட்கும் என்று ஆல்பர்ட் சொன்னதாக மரபு. 1256இல் பாரிஸில் இறையியல் பேராசிரியர். அதன்பின் ஓர்வியேத்தோ, ரோமாபுரி, மறுபடி பாரிஸ், கடைசியாக நேப்பிள்ஸ். கையெழுத்து அவ்வளவு மோசம். ‘வாசிக்க முடியாத எழுத்து’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அதனால் பெரும்பாலும் வாயால் சொல்லி எழுதவைத்தார். ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேருக்கு வெவ்வேறு நூல்களைச் சொல்வார் என்று அவரை அறிந்தவர்கள் சாட்சி சொன்னார்கள்.

மாண்புயர் பிறந்தது ஓர்வியேத்தோ காலத்தில். திருத்தந்தை நான்காம் உர்பான் 1264இல் ஆண்டவருடைய திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். அந்த விழாவின் செபங்களையும் பாடல்களையும் தோமா அமைத்தார். ‘பாஞ்சே லிங்குவா’ என்ற பாட்டுக்கு ஆறு பத்திகள், பத்திக்கு ஆறு வரி. எட்டு அசையும் ஏழு அசையும் மாறி மாறி வரும். அதன் ஐந்தாம் ஆறாம் பத்திகள்தான் ‘தாந்தும் எர்கோ’, அதாவது நம் மாண்புயர்.

ஐந்தாம் பத்தியின் கடைசியில், புலன்களுக்கு எட்டாததை விசுவாசம் நிரப்பட்டும் என்ற பொருள் வரும். அதை ஏதோ உருக்கமான வரி என்று நினைத்துப் பாடிவிட்டுப் போகிறோம். அது கணக்காக வைத்த வரி. அவருடைய பெருநூலான ‘சும்மா தெயொலோஜியே’வின் (இறையியல் தொகுப்பு) மூன்றாம் பகுதி, கேள்வி 75 முழுக்க இதைத்தான் அலசுகிறது. அப்பத்தின் நிறம், ருசி, எடை, மணம் எல்லாம் அப்படியே இருக்க, உட்பொருள் மட்டும் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்றால், நம் கண்ணும் நாக்கும் ஏமாற்றப்படுகின்றனவா? இல்லை என்கிறார். கண்ணுக்கு உரியது நிறம். அந்த நிறம் உண்மையிலேயே அங்கே இருக்கிறது. நாக்குக்கு உரியது ருசி, அதுவும் இருக்கிறது. உட்பொருளை அறிவது அறிவின் வேலை. அந்த அறிவை வழிதவறாமல் காப்பது விசுவாசம். இங்கே ஆசிரியர்கள் சறுக்குகிற இடம் இரண்டு. ஒன்று, ‘உட்பொருள்’ என்பதை வேதியியலில் வரும் பொருளாக எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியுமா என்று பேசத் தொடங்குவது. நுண்ணோக்கியும் நிறத்தையும் வடிவத்தையும்தான் காட்டும். அது கண்ணின் நீட்சி. இரண்டு, இந்த மாற்றத்துக்கான ‘டிரான்ஸப்ஸ்டான்ஷியேஷன்’ என்ற சொல்லே தோமா உருவாக்கியது என்பது. அந்தச் சொல் 1215இலேயே ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்க ஏட்டில் இருக்கிறது. அப்போது தோமா பிறக்கவில்லை.

இனி அந்தப் பெருநூல். பலர் இதைத் திறந்து ஒரு பக்கத்தில் மூடிவிடுவார்கள். அமைப்பு தெரியாததுதான் காரணம். மூன்று பகுதிகள், இரண்டாம் பகுதி மட்டும் இரண்டு பாகம். மொத்தம் 512 கேள்விகள்: முதற்பகுதியில் 119, இரண்டாம் பகுதியின் முதல் பாகத்தில் 114, இரண்டாம் பாகத்தில் 189, மூன்றாம் பகுதியில் 90. ஒவ்வொரு கேள்வியும் பல உட்கேள்விகளாகப் பிரியும்; அப்படி 2,600க்கு மேல். மேற்கோள்களில் ரோமன் எண்ணில் ‘ஒன்று கோடு இரண்டு’ என்று இருந்தால் அது இரண்டாம் பகுதியின் முதல் பாகம். முதற்பகுதியின் இரண்டாம் கேள்வி என்று எடுத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது.

ஒவ்வொரு உட்கேள்விக்கும் ஒரே அச்சு. முதலில் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி. அடுத்து ‘வீடேத்தூர் குவோத்’, அதாவது ‘இப்படித் தோன்றுகிறது’: தோமா ஏற்காத தரப்பின் வாதங்கள், எண் போட்டு. பிறகு ‘சேத் கோந்த்ரா’, ‘ஆனால் இதற்கு மாறாக’: பெரும்பாலும் விவிலியத்திலிருந்தோ ஒரு மறைத்தந்தையிடமிருந்தோ (தொடக்கத் திருச்சபையின் ஆசிரியர்) ஒரு வரி. அடுத்து ‘ரெஸ்போந்தெயோ’, ‘பதில் சொல்கிறேன்’: இங்கேதான் தோமாவின் குரல். கடைசியில் முதலில் சொன்ன வாதங்களுக்கு வரிசையாக மறுமொழி.

தமிழ் வாசகருக்கு இது புதிதே அல்ல. தோமா வாழ்ந்த அதே 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எழுதினார். அதில் பரபக்கம் பிறர் கொள்கைகளைச் சொல்லி மறுக்கும். சுபக்கம் தன் கொள்கையை நிறுவும். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் அல்ல. எதிராளியின் பேச்சை ஒழுங்காகச் சொல்லாமல் தன் பேச்சை நிறுவ முடியாது என்ற நேர்மை இரண்டு இடத்திலும் இருந்தது. சித்தியாரில் பரபக்கம் தனிப் பகுதியாக முன்னால் நிற்கும். தோமா அதை ஒவ்வொரு உட்கேள்விக்குள்ளும் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இந்த அச்சு தெரியாமல் வாசித்தால் வருகிற பெரிய விபத்து, உட்கேள்வியின் தொடக்கத்தில் இருக்கிற எதிர்வாதத்தை ‘அக்குவினா சொல்கிறார்’ என்று மேற்கோள் காட்டிவிடுவது. மேடைப் பேச்சில் நடக்கும், சிறு நூல்களில் நடக்கும். ‘மாறாக’ வரியையும் அவர் கருத்து என்று முழுதாக எடுக்கக் கூடாது. சில இடங்களில் அதையும் திருத்துவார். அவசரமாக ஒன்றைச் சரிபார்க்க வேண்டுமானால் நேராக ‘பதில் சொல்கிறேன்’ பகுதிக்குப் போங்கள். பகுதி, கேள்வி, உட்கேள்வி என்ற மூன்று எண்ணும் இல்லாமல் வாட்ஸாப்பில் வருகிற அக்குவினா பொன்மொழியைக் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டாம்.

மாதிரிக்கு முதற்பகுதி, கேள்வி 2, உட்கேள்வி 3. கேள்வி: கடவுள் இருக்கிறாரா? இதற்கு அவர் வைக்கிற எதிர்வாதம் இரண்டே இரண்டு. ஒன்று: இரண்டு எதிர்ப்பொருள்களில் ஒன்று எல்லையற்றதாக இருந்தால் மற்றது இருக்கவே முடியாது; கடவுள் என்றால் எல்லையற்ற நன்மை; அப்படியானால் தீமை எங்குமே இருக்கக் கூடாது; தீமை இருக்கிறது; ஆகவே கடவுள் இல்லை. இரண்டு: உலகில் நடப்பதற்கெல்லாம் இயற்கையும் மனித அறிவும் விருப்பமும் போதிய விளக்கம் தருகின்றன, இன்னொருவர் தேவையில்லை. இன்று கல்லூரி விடுதியில் இரவு பத்து மணிக்குப் பேசுகிற பேச்சும் இந்த இரண்டுக்குள் அடங்கும். துறவற உடை போட்ட ஒருவர் 750 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றை இவ்வளவு கூர்மையாக, கிண்டல் இல்லாமல், பக்கத்தின் தலையில் எழுதி வைத்திருக்கிறார்.

பதிலில் ஐந்து வழிகள்: இயக்கம், காரணம், இருக்கவும் இல்லாமல் போகவும் கூடிய பொருள்கள், மேன்மையின் படிநிலை, அறிவில்லாதவையும் ஒரு நோக்கம் நோக்கிச் செல்வது. வகுப்பில் ஐந்தையும் சொல்ல முயன்றால் ஐந்தும் கெடும். ஒன்றை எடுங்கள். முதல் வழியில் வழக்கமாக நடக்கிற தவறு, ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்று தொடங்குவது. உடனே ஒரு பிள்ளை எழுந்து ‘அப்போ கடவுளுக்கு?’ என்று கேட்கும். கேட்க வேண்டியதுதான். தோமா அப்படித் தொடங்கவில்லை. இயக்கப்படுவது எதுவும் வேறொன்றால் இயக்கப்படுகிறது என்றுதான் சொன்னார்.

இன்னொரு தவறு, இதைப் பழைய காலத்துக்குப் பின்னோக்கிப் போகிற வரிசையாக விளக்குவது: மகனுக்கு அப்பா, அப்பாவுக்குத் தாத்தா என்று. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் மட்டும் நிரூபிக்க முடியாது, விசுவாசத்தால்தான் அறிகிறோம் என்று கேள்வி 46இல் அவரே சொல்லிவிட்டார். தாத்தா போன பிறகும் பேரன் நடமாடுவான். அந்த வரிசை அவருக்குத் தேவைப்படவில்லை. இந்த நொடியில் ஒன்றையொன்று தாங்கி நிற்கிற வரிசைதான் தேவை. அவருடைய உதாரணம் கை அசைக்கிற தடி. நம் பிள்ளைகளுக்குக் கோயில் பீடத்தருகே தொங்குகிற தூக்கு விளக்கைக் காட்டலாம். விளக்கைக் கடைசிக் கண்ணி தாங்குகிறது, அதை மேல் கண்ணி, அதை அதற்கும் மேலது. பத்துக் கண்ணி போட்டாலும் ஆயிரம் போட்டாலும், மேலே உத்தரத்தில் மாட்டாத சங்கிலி எந்த விளக்கையும் தாங்காது. கண்ணியைக் கூட்டுவது பதிலாகாது. இதற்குமேல் அந்த உட்கேள்வியில் எதிர்பார்க்கக் கூடாது. மூவொரு கடவுளோ, இயேசுவோ அங்கே நிரூபிக்கப்படவில்லை. அந்த ‘முதல்’ எத்தகையது என்று பார்க்கவே கேள்வி 3 முதல் 11 வரை தேவைப்பட்டது அவருக்கு.

இப்போது முதல் எதிர்வாதத்துக்கு வருவோம், தீமை. இந்தக் கரையில் அது ஏட்டுக் கேள்வி அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கியும் தெரியாத கடற்கரைப் பங்கு இல்லை. போன படகு திரும்பாத வீட்டுப் பிள்ளை இதைக் கேட்கும்போது, தோமாவின் மறுமொழியை எடுத்து நீட்டக் கூடாது. அந்த மறுமொழி சிறியது: தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்கும் வல்லமை இல்லாவிட்டால் கடவுள் அதை அனுமதித்திருக்க மாட்டார் என்ற மறைத்தந்தை அகுஸ்தீனாரின் கருத்து, அவ்வளவே. தீமை இருப்பதால் கடவுள் இல்லை என்ற முடிவு தானாக வந்துவிடாது என்று காட்டுவது அதன் வேலை. ஏன் இந்த வீட்டில், ஏன் இந்த ஆள் என்பதை அது சொல்லவில்லை, சொல்ல முயலவும் இல்லை. மரண வீட்டில் ஆறுதலாக அதைச் சொல்பவர் தோமாவையும் தவறாக வாசிக்கிறார், அழுகிறவர்களையும் காயப்படுத்துகிறார்.

துயரத்துக்கு அவரிடம் போக வேண்டிய இடம் வேறு: ஓர்வியேத்தோ காலத்தில் எழுதிய யோபு நூல் உரை. எல்லாம் இழந்து துன்புறும் விவிலிய மனிதர் யோபு. 13ஆம் அதிகாரத்தில் அவர் கடவுளோடு வழக்காட விரும்புகிறார். கடவுளோடு மனிதன் வழக்காடலாமா, அது மரியாதையா? ஆளின் உயரத்தால் உண்மை மாறுவதில்லை, உண்மையைப் பேசுகிறவர் யாரோடு வாதிட்டாலும் தோற்பதில்லை என்ற கருத்தில் தோமா உரை எழுதுகிறார். அவர் எழுதியவற்றிலேயே நம் கடற்கரைக்கு மிக நெருக்கமான இடம் இதுதான் என்பேன்.

எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்லத் தேவையில்லை. திருச்சபையும் சொல்லவில்லை. மரியா ஜென்மப் பாவமின்றிக் கருவானார் என்ற அமல உற்பவத்தை அவர் ஏற்கும் வகையில் எழுதவில்லை. அது 1854இல் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. திருச்சபையின் போதனைக்கு மாறானதைப் பிடிவாதமாகச் சொல்லும் திருந்தாத தப்பறைக்காரர்களை அரசு கொல்லலாம் என்று எழுதியிருக்கிறார். அதை மறைக்கவும் கூடாது, நியாயப்படுத்தவும் கூடாது. அவர் இறந்து சரியாக மூன்றாம் ஆண்டு நாளில், 1277 மார்ச் 7 அன்று, பாரிஸ் ஆயர் 219 கூற்றுகளைக் கண்டித்தார். அவற்றில் சில தோமாவின் கருத்துகளையும் தொட்டன. 1323இல் புனிதர் பட்டம் வந்த பிறகு, 1325இல்தான் அவரைத் தொட்ட அளவுக்கு அந்தக் கண்டனம் நீக்கப்பட்டது. 1567இல் மறைவல்லுநர் பட்டம்.

முடிவுக் காலம். 1273 தவக்காலத்தில் நேப்பிள்ஸ் மக்களுக்கு அவர்கள் பேச்சுமொழியிலேயே விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளை பற்றிப் பிரசங்கித்தார். உபதேசியார்கள் தோமாவைத் தொடங்கச் சரியான வாசல் அதுதான், சிறியது, நேரானது. அதே ஆண்டு டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் விழாத் திருப்பலிக்குப் பின் எழுதுவதை நிறுத்திவிட்டார். தான் எழுதியதெல்லாம் இப்போது வைக்கோலாகத் தெரிகிறது என்று உதவியாளர் ரெஜினால்டிடம் சொன்னதாக 1319 புனிதர்பட்ட விசாரணையில் பதிவானது. ரெஜினால்ட் அதற்குள் இறந்திருந்தார். கேட்டவர் வாய்வழி வந்த சாட்சி அது. பெருநூல் ஒப்புரவு அருட்சாதனத்தின் நடுவில், மூன்றாம் பகுதி கேள்வி 90இல் நிற்கிறது. அதன்பின் அச்சில் வருகிற ‘பிற்சேர்க்கை’, சீடர்கள் அவருடைய பழைய உரையிலிருந்து எடுத்துத் தொகுத்தது. அதை அவருடைய முதிர்ந்த கருத்தாக மேற்கோள் காட்ட வேண்டாம்.

1274இல் லியோன் பொதுச்சங்கத்துக்குப் போகும் வழியில் நோயுற்று, மாயென்சா கோட்டையில் தங்கினார். அங்கே நடந்ததாக அந்த விசாரணையில் சொல்லப்பட்ட ஒரு சம்பவத்தை நம் கடற்கரைப் பிள்ளைகள் விரும்புவார்கள். சாப்பாடு இறங்கவில்லை, பாரிஸில் சாப்பிட்ட ஹெர்ரிங் மீன் கிடைத்தால் சாப்பிடலாம் என்றார். அது வடகடல் மீன், அந்தப் பக்கம் கிடைக்காது. சாளை கொண்டுவந்த மீன்காரரின் கூடையைக் கவிழ்த்தால் ஒரு கூடையில் ஹெர்ரிங். சாளையும் ஹெர்ரிங்கும் ஒரே குடும்பத்து மீன்கள்தான். அங்கிருந்து ஃபோசனோவா மடத்துக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் 7 அன்று அங்கே இறந்தார். வயது ஐம்பதை எட்டவில்லை. உடல் 1369 ஜனவரி 28 அன்று பிரான்சின் துலூஸ் நகருக்கு வந்து சேர்ந்தது. மார்ச் 7 தவக்காலத்தில் விழுவதால், 1969 நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் விழா ஜனவரி 28க்கு மாறியது.

வகுப்புக்கு நாற்பது நிமிடம் இருந்தால் இப்படிப் பிரிக்கலாம். முதல் பத்து நிமிடம் கடவுள் இல்லை என்ற இரண்டு வாதத்தையும் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளையே அவற்றை இன்னும் வலுவாக்கச் சொல்லுங்கள். இங்கே ஆசிரியர் பொறுமையிழந்து பதில் சொல்லத் தொடங்கிவிடுவார், சொல்லக் கூடாது. ஐந்து நிமிடம் கடவுள் மோசேயிடம் தம் பெயரைச் சொல்லும் விடுதலைப் பயணம் 3:14, தோமா வைத்த ‘மாறாக’ வரி அதுதான். பதினைந்து நிமிடம் முதல் வழி, கோயிலுக்குள் கூட்டிப்போய்த் தூக்கு விளக்குக்குக் கீழே நின்று. மீதிப் பத்து நிமிடம் மறுமொழிகள். இரண்டாம் வாதத்தின் மறுமொழியை முதலில் எடுங்கள், அது எளிது: இயற்கையும் மனித விருப்பமும் விளக்கம் தருகின்றன, ஆனால் அவையும் மாறக்கூடியவை, தாங்கப்படுகிறவை, சங்கிலிக் கண்ணிகள். தீமைக்கான மறுமொழியைக் கடைசியில் சொல்லி, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையாவது அது போதாது என்றால், அந்தப் பிள்ளையின் வாதத்தை மூன்றாவதாக எண் போட்டுப் பலகையில் எழுதுங்கள். அடுத்த ஞாயிறு யோபு 13ஐ அங்கிருந்து தொடங்கலாம்.